எதிர்பாராத கர்ப்பமும் நமது பொறுப்பும்



வியாபாரிகளாகிய நாம் கணக்கில் கெட்டிக்காரர்கள். எதிர்பாராத சரக்கு வந்து இறங்கினாலும் அதை எங்கே வைப்பது, எப்படிக் காப்பது என்று உடனே ஏற்பாடு செய்கிறோம். ஆனால் வீட்டில் எதிர்பாராத கர்ப்பம் ஒன்று உண்டாகிவிட்டால் வாயடைத்துப் போகிறோம். நாலு பிள்ளை பெற்று நாற்பதை எட்டிய மனைவியாக இருக்கலாம். கைக்குழந்தை இன்னும் பால்குடி மறக்காத தாயாக இருக்கலாம். நோய்க்கு மருந்து சாப்பிட்டு வரும் மகளாக இருக்கலாம்.

அவ்வேளையில் நம் வாயில் வருவது, "ஜனங்கள் என்ன சொல்வார்கள்?" என்பது. அடுத்தது, "செலவுக்கு என்ன செய்வது?" என்பது. உண்மையில் முதலாவதாகக் கேட்க வேண்டியது, "இவளுடைய தேகம் இதைத் தாங்குமா?" என்பதேயாகும். ஏனெனில் போன பணத்தைத் திரும்பச் சம்பாதிக்கலாம். ஜனங்களின் பேச்சு நாலு நாளில் அடங்கிவிடும். போன உயிர் வராது. அன்றியும், சுமப்பவள் அவள் ஒருத்தியே. பலவீனத்தின் மேல் பலவீனமாகத் தாய் சுமக்கிறாள் என்பதைத் திருக்குர்ஆன் லுக்மான் அத்தியாயத்தில் நினைவூட்டுகிறது. பிள்ளையின் காரணத்தால் தாய்க்குத் தீங்கு நேரக் கூடாது என்பது பகரா அத்தியாயத்தின் சட்டம்.

"அல்லாஹ் கொடுத்தது, அவனே பார்த்துக்கொள்வான்" என்று சிலர் சும்மா இருந்துவிடுவார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததை நாம் மதரஸாவிலேயே ஓதினோம். கடைக்குப் பூட்டுப் போடுகிறவன், மனைவியின் உயிருக்கு மட்டும் பூட்டு வேண்டாம் என்பது எந்த நியாயம்?

சரி, செய்ய வேண்டியது யாது? முதலில், நாள் தள்ளியது தெரிந்தவுடன் ஒளிக்காமல் அரசாங்கக் கிளினிக்கில் பதிவு செய்ய வேண்டும். முதல் பரிசோதனை 12 வாரத்துக்குள் நடப்பது நலம். எதிர்பாராத கர்ப்பத்தில் பெரும்பாலும் கெட்டுப்போவது இந்த முதல் மூன்று மாதந்தான். வெட்கத்திலும் தயக்கத்திலும் அது கழிந்துவிடுகிறது. குழந்தையின் தண்டுவடம் உருவாவதோ முதல் சில வாரங்களிலேயே. ஆகையால் ஃபோலிக் ஆசிட் மாத்திரையைத் தாமதியாமல் தொடங்க வேண்டும். இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, வலிப்பு ஆகியவற்றுக்கு ஏற்கெனவே மருந்து சாப்பிடுபவர்கள் அதை டாக்டரிடம் காட்ட வேண்டும். சில மருந்துகள் சிசுவுக்கு ஆகாதவை. ஆனால் தாமாகவே நிறுத்திவிடுவதும் ஆபத்தே.

இரத்தசோகை நம் பெண்களிடையே சாதாரணமாகக் காணப்படுவது. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் கவனம் வேண்டும். கொடுக்கப்படும் இரும்புச் சத்து மாத்திரையைத் தேயிலைத் தண்ணீரோடு விழுங்கினால் சத்து சரியாகச் சேராது. தேயிலை விற்கும் நாமே இதைச் சொல்வது நல்லது.

நம் கிளினிக்குகளில் தாயின் புத்தகத்தில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறக்குறி இடுகிறார்கள். சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி என்று பொருள். இரத்தப் போக்கு, கடுமையான தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல், ஒரு பக்க வயிற்றுவலி, பிள்ளை அசைவு குறைதல் இவற்றில் எது கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் சிரம்பானுக்கோ கோலப்பிலாவுக்கோ கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சில தோட்டங்களிலிருந்து ஆஸ்பத்திரி தூரமாக இருக்கலாம். ஆகவே வாகனத்தை முன்கூட்டியே பேசி வைப்பது புருஷனின் கடமை.

இனி நம் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டத்துப் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், தயங்கித் தயங்கி வந்து, "நின்றுபோனது வருவதற்கு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஜாமு, கஷாயம், பெயர் தெரியாத மாத்திரை என்று எதையாவது எடுத்துக் கொடுப்பது சில வெள்ளி லாபத்துக்காக ஓர் உயிரையோ இரண்டு உயிரையோ பந்தயம் வைப்பதாகும். அரைகுறைக் கலைப்பால் இரத்தப் போக்கும் விஷக் காய்ச்சலும் கண்டு மாண்டவர்கள் உலகெங்கும் உண்டு. "கேட்டார்கள், கொடுத்தேன்" என்பது மஹ்ஷரில் பதிலாகாது. அப்பெண்ணைக் கடிந்து பேசி விரட்டுவதும் முறையல்ல; விரட்டினால் வேறொரு கடைக்குத்தான் போவாள். பரிவோடு கிளினிக்குக்கு வழி சொல்லுவதே முறை.

கருவைக் கலைத்தல் பற்றி மார்க்கமும் சட்டமும் பேசியே இருக்கின்றன. 120 நாள் கடந்தபின், தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கலைப்பது ஹராம் என்று நம் நாட்டு ஃபத்வா கமிட்டி 2002-இல் முடிவு கூறியது. அதற்கு முந்திய நாட்களைப் பற்றி இமாம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. வறுமைக்கு அஞ்சிப் பிள்ளைகளைக் கொல்லாதீர்கள் என்ற இறைக் கட்டளையோ யாவரும் அறிந்தது. நாட்டின் தண்டனைச் சட்டம் 312-ஆம் பிரிவு 1989-இல் திருத்தப்பட்டு, தாயின் உயிருக்கோ உடல், மன நலத்துக்கோ கேடு என்று பதிவு பெற்ற டாக்டர் நல்லெண்ணத்துடன் கருதினால் இடமளிக்கிறது. ஆகவே இது டாக்டரும் ஆலிமும் அப்பெண்ணும் கூடி உட்கார்ந்து ஆராயும் விஷயம். அவளைக் கேளாமல் மாமியாரும் மச்சானும் முடிவு கட்டுவது அநீதி.

தோட்டத்தில் வேலை செய்யும் பெண்ணானால், பூச்சி மருந்தும் களைக்கொல்லியும் தெளிக்கும் வேலையிலிருந்து அவளை விலக்கக் கோர வேண்டும். பாராகுவாட் 2020-இல் தடை செய்யப்பட்டாலும் மற்ற மருந்துகள் இருக்கின்றன. பிரசவ விடுமுறை 2023 முதல் 98 நாள் என்பதையும் தெரிவியுங்கள்.

பிள்ளை பிறந்த பின்னும் பொறுப்பு முடியவில்லை. அடுத்த கர்ப்பத்துக்கு இரண்டு ஆண்டு இடைவெளி நல்லது என்று இன்றைய வைத்தியம் சொல்கிறது. திருக்குர்ஆன் பால்குடிக்குக் கூறும் காலமும் பூரண இரண்டு ஆண்டே. 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்), மனைவியைப் பிரசவ ஆபத்திலிருந்து காக்கக் கருதிக் கருத்தரிப்பைத் தவிர்ப்பதைத் தடுக்கவில்லை. எனவே இடைவெளி விடும் முறைகளைப் பற்றிக் கிளினிக்கில் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மனைவி நமக்கு அமானத். நம்பி ஒப்படைத்த பொருளைச் சேதமின்றிக் காப்பவனே நாணயமான வியாபாரி. வல்ல அல்லாஹ் நம் தாய்மார்களுக்குச் சுகப் பிரசவத்தையும் நமக்கு நல்லறிவையும் அருள்வானாக, ஆமீன்.