பொருத்தம் எங்கே உறைகிறது?

ஓர் உறுப்பின் சிறப்பு அந்த உறுப்புக்குள்ளேயே அடங்கியிருக்கிறதா, அது சேர்ந்து இயங்கும் முழுமையோடு கொள்ளும் உறவில்தான் பிறக்கிறதா என்னும் வினா இந்தியத் தருக்க மரபிலும் கிரேக்கச் சிந்தனையிலும் நெடுங்காலம் விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. குடம், ஆடை, தேர் முதலியவையே அந்த விவாதங்களுக்கு வழக்கமான எடுத்துக்காட்டுகளாக அமைந்தன. அவற்றின் உறுப்புகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றனவே தவிர, ஒன்றின் செயலைக் கணந்தோறும் மற்றொன்று நிர்ணயிப்பதில்லை. ஆற்றலைக் கூட்டும்பொருட்டு ஒரு கார் எஞ்சினுக்குப் புதிய டர்போசார்ஜரைத் தேர்ந்து இணைக்கும் தொழிலில் நிலைமை வேறு. அங்கே உறுப்புகளுக்கிடையிலான உறவை எண்களால் அளக்க முடிகிறது, உறவு பிழைத்தால் உலோகமே உடைகிறது. பழைய வினாவைச் சோதித்துப் பார்ப்பதற்கு இதைவிடக் கடுமையான களம் எளிதில் அமையாது.

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் வீணாக விடாமல், அவற்றைக் கொண்டே எஞ்சினுக்குள் மேலும் காற்றைத் திணிக்கும் கருவி டர்போசார்ஜர். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் ப்யூக்கி 1905-இல் இதன் மூலக் கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். புகை மோதுவதால் சுழலும் சக்கரம் டர்பைன் எனப்படும். காற்றை உறிஞ்சி அழுத்தும் சக்கரம் கம்ப்ரசர் எனப்படும். இரண்டும் ஒரே தண்டின் இரு முனைகளில் அமர்ந்து, முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளையும் தாண்டிச் சுழல்கின்றன. ஒரே தண்டில் இருப்பதால் அவற்றின் வேகமும் ஒன்றே. சீரான ஓட்டத்தில் டர்பைன் ஈட்டும் திறன், தாங்கிகளின் உராய்வில் போவது நீங்கலாக, முழுவதும் கம்ப்ரசருக்கே சேர்கிறது. கம்ப்ரசர் திணித்த காற்று எரிபொருளோடு எரிந்து, புகையாகி, மறுபடியும் டர்பைனை வந்தடைகிறது. எனவே இரண்டில் ஒன்றைத் தனியே தேர்ந்துகொள்வது என்பதே இங்கு இயலாத காரியம்.

கம்ப்ரசரின் இயல்பைக் காட்டும் வரைபடத்தைத் தொழிலறிந்தோர் ‘கம்ப்ரசர் மேப்’ என்பர். அதன் கிடை அச்சு நிமிடத்துக்கு எவ்வளவு காற்று பாய்கிறது என்பதையும், செங்குத்து அச்சு அழுத்த விகிதத்தையும், அதாவது வெளிவரும் காற்றின் அழுத்தம் உள்நுழையும் காற்றின் அழுத்தத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதையும் காட்டுகின்றன. படத்தின் இடப்புற எல்லை ‘சர்ஜ்’ கோடு. பாய்ச்சல் குறைந்து அதைத் தாண்டினால் காற்று பின்னோக்கித் திரும்பி, தண்டையும் தாங்கிகளையும் உலுக்கத் தொடங்கும். வலப்புற எல்லை ‘சோக்’. அதற்கு அப்பால் சக்கரம் எவ்வளவு விரைந்தாலும் காற்று கூடாது. இரண்டு லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும்போது, கொள்ளளவில் 90 விழுக்காடு நிறைவதாகக் கொண்டால், டர்போ இல்லாமல் நிமிடத்துக்கு 5,400 லிட்டர், ஏறத்தாழ 6.5 கிலோ, காற்றை இழுக்கும். அழுத்த விகிதத்தை 2 ஆக்கி, அழுத்தப்பட்ட காற்றை இன்டர்கூலர் என்னும் குளிர்விப்பானால் நன்கு ஆற்றினால் அது 12 கிலோவை ஒட்டி உயரும். அதே எஞ்சின் 3,000 சுற்றில் அதே அழுத்தத்தைக் கேட்டால் தேவை 6 கிலோ மட்டுமே. ஒரே சக்கரம் இவ்விரு புள்ளிகளையும் இரு எல்லைகளுக்கும் நடுவே வைத்துக்கொள்ள வேண்டும். அளவுக்கு மிஞ்சிப் பெரிய கம்ப்ரசரில் இரண்டாம் புள்ளி சர்ஜ் கோட்டுக்கு அப்பால் விழும். சிறியதில் முதற்புள்ளி சோக்கில் மாட்டும். நடுவே இருந்தாலும் திறனளவு முக்கியம்: 27 பாகையில் நுழையும் காற்று, 70 விழுக்காடு திறனுள்ள இடத்தில் 121 பாகையாகவும் 60 விழுக்காட்டில் 137 பாகையாகவும் சூடேறி வெளிவரும். இத்தனையும் சரியாயிருந்தும், 12 கிலோ காற்றுக்கு நிமிடத்துக்கு ஒரு கிலோ பெட்ரோல் வேண்டியிருக்க, பழைய இன்ஜெக்டர்கள் அதில் பாதியைத்தான் தெளிக்கும் என்றால் எஞ்சின் அழியும்.

1962-இல் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், டர்போசார்ஜருடன் பொதுமக்களுக்கு விற்கப்பட்ட முதல் கார்களுள் ஒன்று. எரியும் முன் கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்னும் சுருக்க விகிதம் அதில் 10.25, டர்போவுக்கு அது மிக அதிகம், கலவை நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சினைச் சிதைக்கும் ‘நாக்கிங்’ நேரும். விகிதத்தைக் குறைப்பதற்கு மாறாக, நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை உட்செலுத்திக் குளிர்விக்க வடிவமைத்தோர் முடிவு செய்தனர். தொட்டி வற்றினால் அழுத்தத்தைக் குறைக்கும் காப்பு வால்வும் வைத்தனர். ஆனால் பல உரிமையாளர்கள் திரவத்தை நிரப்ப மறந்தார்கள்; 1963-உடன் அந்தக் கார் நின்றுபோனது. பொருத்தத்தின் ஒரு பகுதியை உலோகத்திலிருந்து எடுத்து ஓட்டுநரின் வழக்கத்தில் வைத்த ஏற்பாடு அது. 1975-இல் வந்த போர்ஷே 911 டர்போ, விகிதத்தை 6.5 வரை தாழ்த்தி, அந்தச் சுமையை உலோகத்துக்கே திருப்பித் தந்தது.

இனி வினாவுக்கு வரலாம். இந்தியத் தருக்க மரபினரான நியாய வைசேடிகர் உறுப்பை அவயவம் என்றும் உறுப்புகளால் ஆன முழுமையை அவயவி என்றும் வழங்கினர். அவயவி உறுப்புகளின் கூட்டத்தினும் வேறான ஒரு புதுப்பொருள் என்பதும், அது தன் உறுப்புகளில் சமவாயம் என்னும் பிரிக்கவொண்ணாத உறவால் உறைகிறது என்பதும் அவர்கள் கொள்கை. அவர்கள் காட்டிய சான்றுகளுள் ஒன்று பற்றுதலும் இழுத்தலும்: ஒரு பகுதியைப் பற்றி இழுத்தால் முழுதும் வருகிறது, மணற்குவியலில் அப்படி வருவதில்லை, ஆகவே குவியலுக்கும் அவயவிக்கும் வேறுபாடு உண்டு என்றனர். அரக்கால் ஒட்டிய புல்லும் கல்லும்கூட ஒன்றாய் இழுபடுகின்றனவே என்னும் மறுப்பும் அந்த மரபுக்குள்ளேயே எழுந்தது. அளவு பிழைத்த டர்போசார்ஜரைப் போல்ட் போட்டு இறுக்கிய எஞ்சின் இந்த மறுப்புக்கு உயிருள்ள சான்று. அதைக் கயிறு கட்டி இழுத்தால் முழுதும் வரும். ஓட்டினால் முழுமையாய் ஓடாது. இழுவைச் சோதனையில் தேறியும் அது குவியலாகவே நிற்கிறது. எனவே முழுமையின் அடையாளத்தை ஒட்டிக்கொண்டிருப்பதில் தேடாமல், செயற்படுவதில் தேட வேண்டியிருக்கிறது.

செயற்பாட்டையே அளவுகோலாக்கியவர் பௌத்தத் தருக்கவாணர் தருமகீர்த்தி. எது ஒரு விளைவைத் தோற்றுவிக்க வல்லதோ அதுவே உண்மையில் உள்ளது என்றார். இந்த வல்லமைக்கு அர்த்தக்கிரியை என்று பெயர். ஆனால் அவரே ‘சம்பந்த பரீட்சை’ என்னும் சிறு நூலில் உறவு என்பதையே மறுத்தார். பொருள் தன்னளவில் நிறைவுற்றிருந்தால் வேறொன்றைச் சார வேண்டியதில்லை; நிறைவுறாமல் இன்னும் இல்லாத பொருளானால், சார்வதற்கு அது இல்லவே இல்லை; எனவே உறவு என்பது எண்ணம் பொருள்களின்மேல் ஏற்றிச் சொல்லும் கற்பனை என்பது அவர் வாதத்தின் போக்கு. அவருடைய அளவுகோலை அவருடைய மறுப்பின்மேல் வைத்துப் பார்க்கத் தகும். எஞ்சின் சுற்றுக்குச் சுற்று கேட்கும் காற்றைக் கம்ப்ரசர் மேப்பின்மேல் புள்ளிகளாக இட்டு இணைத்தால் ஓர் இயக்கக் கோடு கிடைக்கும். அந்தக் கோடு கம்ப்ரசரில் இல்லை. வேறொரு எஞ்சினோடு சேர்த்தால் வேறு கோடு வரும். எஞ்சினிலும் இல்லை. இரண்டுக்கும் இடையில் மட்டுமே அது உள்ளது. ஆயினும் அது சர்ஜ் எல்லையை வெட்டினால் தாங்கிகள் தேய்ந்து உடைகின்றன. விளைவைத் தருவதே உள்ளது எனின், இந்த இடைநிலை உறவு உள்ளது என்றே சொல்ல வேண்டும்.

தருமகீர்த்தியின் வழிவந்தோர் இதற்கு விடை கூறாமற்போகார்: உடைத்தது உறவு அன்று, அந்தக் கணத்தில் அந்த வேகத்தில் அந்தக் காற்றோட்டத்தில் இருந்த தனிப்பொருள்களே உடைத்தன, உறவு என்பது அதைச் சுருங்கச் சொல்லும் வழி மட்டுமே என்பர். உறவு என்னும் மூன்றாவது பொருள் ஒன்று இரண்டுக்கும் நடுவே பசைபோல் கிடக்கவில்லை என்ற அளவில் இந்த விடை வலியது. சமவாயத்தைத் தனிப்பொருளாக எண்ணிய நியாயத்தின் நிலையை இது தளர்த்திவிடுகிறது. ஆனால் அந்தக் கணத்துக் கம்ப்ரசர் ஏன் அந்த வேகத்தில் இருந்தது என்று கேட்டால், எஞ்சினைச் சொல்லாமல் பதில் இல்லை. எஞ்சின் ஏன் அந்தக் காற்றைப் பெற்றது என்று கேட்டால் கம்ப்ரசரைச் சொல்லாமல் பதில் இல்லை. தன்னளவில் நிறைவுற்ற தனிப்பொருள் என்று தொடங்கிய வாதத்துக்கு அப்படியொரு பொருளே இங்கே அகப்படவில்லை. கரைந்துபோவது உறவு என்னும் கருத்தைவிட, தனித்து நிறைந்த உறுப்பு என்னும் கருத்தே. எந்தப் பொருளும் பிறவற்றைச் சார்ந்தே உள்ளது என்னும், பௌத்தச் சிந்தனையாளர் நாகார்ச்சுனரின் மத்தியமிகம் இந்த இடத்தில் தருமகீர்த்தியைவிட நெருங்கி வந்து நிற்கிறது.

ரெனோ நிறுவனம் 1977-இல் சில்வர்ஸ்டோனில் ஃபார்முலா 1 பந்தயத்துக்குள் கொண்டுவந்த ஆர்எஸ்01 இதை வரலாற்றில் காட்டுகிறது. டர்போ இல்லாத எஞ்சின்களுக்கு 3 லிட்டரும் டர்போ எஞ்சின்களுக்கு 1.5 லிட்டரும் விதி வகுத்த வரம்புகளாக இருந்த காலம் அது. ஆர்எஸ்01-இன் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு ஒரே பெரிய டர்போ இருந்தது. ஆற்றல் மிகுதி, ஆனால் ஓட்டுநர் பெடலை மிதித்த பின் சக்கரம் வேகம் பிடிக்கும்வரை காத்திருக்க நேர்ந்தது. 1979-இல் அந்த ஒன்றை நீக்கி, மூன்று மூன்று சிலிண்டர்களுக்கு ஒன்றாக இரண்டு சிறியவற்றை வைத்தனர். வடிவம் மாறாமல் ஒரு சக்கரத்தின் பாய்ச்சலை இரண்டு சக்கரங்களுக்குப் பகிர்ந்தால், அதே விளிம்பு வேகத்துக்கு அவ்விரண்டையும் கொண்டுவரத் தேவையான ஆற்றல் ஏறத்தாழப் பத்தில் மூன்று பங்கு குறையும். அந்த ஆண்டு ஜூலை 1-இல் திஜோனில் ரெனோ ஓட்டுநர் ழான்-பியேர் ழபூய் வென்றார். ஃபார்முலா 1-இல் டர்போ எஞ்சின் பெற்ற முதல் வெற்றி அது. நீக்கப்பட்ட டர்போவைச் சோதனை மேடையில் தனியே வைத்துப் பார்த்திருந்தால் அதில் குறை கண்டிருக்க முடியாது.

பிளேட்டோவின் பெயரால் வழங்கும் ‘பெரிய ஹிப்பியாஸ்’ உரையாடலில், பயற்றங்கஞ்சிப் பானைக்குப் பொன் அகப்பை அழகா, அத்திமர அகப்பை அழகா என்று சாக்ரடீஸ் கேட்கிறார். பொன் பானையை உடைத்துவிடக்கூடும், எனவே தக்கது மரமே என்று விவாதம் நகர்கிறது. டர்போவின் அளவையே பெருமையாகக் கருதுவோர் அந்தப் பொன் அகப்பையைத்தான் விலைகொடுத்து வாங்குகின்றனர். ஆயினும் அந்த எடுத்துக்காட்டு ஒன்றை எளிதாகக் கடந்துவிடுகிறது: கஞ்சி கிண்டுவது என்னும் நோக்கம் அங்கே முன்பே முடிவாகியிருக்கிறது. எஞ்சினில் நோக்கம் அப்படித் தானாக வந்து நிற்பதில்லை. கால் மைல் நேர்கோட்டுப் பந்தயத்துக்கு மேல்வேகத்தில் மட்டும் விழிக்கும் பெரிய டர்பைன் தக்கது. நகரத் தெருவில் அதே டர்பைன் பெரும்பாலான நேரம் உறங்கும். இவற்றுள் எது வேண்டும் என்பதை எந்த உறுப்பும் சொல்லாது, எல்லா உறுப்புகளும் கூடினாலும் சொல்லாது.

நோக்கத்தோடு இன்னொன்றும் வெளியிலிருந்து வருகிறது. அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள பைக்ஸ் பீக் மலைக்கு 1918-இல் பொறியாளர் சான்ஃபோர்ட் மாஸ், லிபர்ட்டி விமான எஞ்சினைத் தம் டர்போசார்ஜருடன் கொண்டுபோனார். 4,300 மீட்டர் உயரத்துக் காற்றில் இயக்கிப் பார்க்காமல் அதன் பொருத்தத்தைத் தரையில் முடிவு செய்ய இயலாது என்பதே காரணம். அதே மலையில் 1916 முதல் கார்ப் பந்தயம் நடந்து வருகிறது. ஏறத்தாழ 2,860 மீட்டரில் தொடங்கும் அதன் இன்றைய பாதையில், எஞ்சினுக்குள் கடல்மட்டத்தைப்போல் இரு மடங்கு அழுத்தம் வேண்டுமானால் தொடக்கத்தில் அழுத்த விகிதம் 2.8-ஐ ஒட்டியும் உச்சியில் 3.4-ஐ ஒட்டியும் இருக்க வேண்டும். காற்று மெலிய மெலிய இயக்கப்புள்ளி மேப்பில் மேல்நோக்கியும் வலப்புறமாகவும் நகர்கிறது, தண்டின் வேகம் அதன் வரம்பை நெருங்குகிறது. ஒரே ஏற்றத்துக்குள் எந்த உறுப்பும் மாறவில்லை, ஓட்டுநரின் நோக்கமும் மாறவில்லை. மலையடியில் இருந்த பொருத்தம் உச்சியில் இல்லாமற்போகலாம். அவயவி தன் உறுப்புகளோடு முடிந்துவிடுகிறது என்று கொண்டவர்களுக்கு இது விளக்க முடியாத இழப்பு. உறவே முதன்மை என்று கொள்வோருக்கோ வேறு சுமை காத்திருக்கிறது: முழுமைக்குள் ஓட்டுநரின் வழக்கத்தையும் மலையின் காற்றையும் சேர்த்துக்கொண்ட பின், அதன் எல்லையை எந்த இடத்தில் வரைவது என்பதை அவர்கள் இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.