அழிச்சா மட்டும் போதாது சார்!

உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் எத்தனை வருஷத்து மெயில் இருக்கிறது? அதில் எத்தனையை ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று வைத்திருக்கிறீர்கள்?

நான் எல்லாவற்றையுமே வைத்திருந்தேன். 2004-ல் ஒரு திங்கட்கிழமை காலை, என் அவுட்லுக் திறக்க மறுத்தது. சிஸ்டம்ஸ் பிரிவு இளைஞர் வந்து பார்த்தார். “பி.எஸ்.டி. ஃபைல் 2 ஜி.பி. தொட்டிருச்சு சார். இனிமே தொறக்காது” என்றார், வெகு சாதாரணமாக.

அவுட்லுக் 97 முதல் 2002 வரையிலான பதிப்புகளுக்கு அதுதான் எல்லை. ஃபைலுக்குள் எந்தத் தகவல் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் எண்ணுக்கு 32 பிட்தான் இடம். அதற்கு மேல் போனால், மொத்த ஃபைலும் படுத்துவிடும். இதற்கு மைக்ரோசாஃப்டே ஒரு சின்ன வைத்தியம் வைத்திருந்தது. ஃபைலில் கொஞ்சத்தை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை ரிப்பேர் செய்து திறப்பது.

“எதை வெட்டும்?”

“அதை நாம சொல்ல முடியாது சார்.”

எதையுமே இழக்க மாட்டேன் என்று அடம்பிடித்தவனுக்கு, எதை இழப்பது என்று தீர்மானிக்கும் உரிமையும் போயிற்று!

பிழைத்து வந்த மெயில்களை ஒவ்வொன்றாகப் பார்த்து அழிக்க உட்கார்ந்தேன். அப்போது கண்ணில் பட்டது அது. 2000-ல், பக்கத்து சீட் நண்பர் என்னைத் திட்டி, மேலதிகாரிக்கும் ஒரு காப்பி போட்டு அனுப்பிய மெயில். அதற்கென்று தனி ஃபோல்டரே போட்டிருந்தேன்.

மறுநாளே அவர் டீக்கடையில் என் தோளில் கைபோட்டு, “ராத்திரி கோபத்துல அனுப்பிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க” என்று சொன்னார். டீக்கும் அவரே காசு கொடுத்தார். அந்த மன்னிப்புக்கு மெயில் கிடையாது. கோபம் ஃபைலில் ஏறிவிட்டது. மன்னிப்பு டீக்கடையோடு போய்விட்டது.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுத வேண்டியதில்லை. 2003-ல் அவருடைய பதவி உயர்வு பற்றி என்னிடம் கருத்து கேட்டார்கள். நான் சீட்டுக்கு வந்து அந்த மெயிலைத் திறந்து, மறுபடி ஒருமுறை படித்தேன். பிறகு போய், “நல்ல வேலைக்காரர். ஆனா, கொஞ்சம் முன்கோபி” என்றேன். பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. நான் பொய் எதுவும் சொல்லவில்லை. கையில் ஆதாரம் இருந்ததே!

அப்படியானால் எல்லாவற்றையும் அழித்துவிடலாமா? கூடாது. 2001-ல் அமெரிக்காவின் என்ரான் கம்பெனி சரிந்தபோது, அதன் தணிக்கை நிறுவனமான ஆர்தர் ஆண்டர்சன் காகிதங்களைக் கிழித்துப்போட்டது ஊரறிந்த கதை. மேலதிகாரியால் தொல்லைப்படும் ஒரு பெண் ஊழியருக்கு, அவர் பத்திரமாக வைத்திருக்கும் பழைய மெயில்தான் ஒரே துணையாக இருக்கும். பலமில்லாதவர் கையில் இருக்கும் ஆதாரம் கவசம். அதையே நான் நண்பருக்கு எதிராகத் தலையணைக்கடியில் வைத்திருந்தால், அது கத்தி. இது உண்மையைக் காப்பாற்றவா, என் கோபத்தைக் காப்பாற்றவா? வைத்துக்கொள்வதற்கு முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும்.

அந்த மெயிலை அழித்தேன். கூடவே இன்னும் ஆயிரக்கணக்கில். ஆனால், ஃபைல் சைஸ் ஒரு இம்மிகூடக் குறையவில்லை! இளைஞரைக் கூப்பிட்டேன். சிரித்தார்.

“அழிச்சா மட்டும் போதாது சார். அது இருந்த இடம் அப்படியே காலியா உள்ளேயே இருக்கும். ‘காம்பாக்ட்’ பண்ணணும். அப்பதான் சுருங்கும்.”

நாமும் அப்படித்தானே? ‘எல்லாத்தையும் மறந்துட்டேன்’ என்கிறோம். இடத்தை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை.

இப்போது அந்த 2 ஜி.பி. தொல்லை இல்லை. அவுட்லுக் 2003-ல் அது 20 ஜி.பி. ஆனது. 2010-ல் 50. ஜிமெயில் 2004-ல் வரும்போதே, இனி எதையும் அழிக்கவே வேண்டாம் என்று ஆசை காட்டித்தான் வந்தது. நல்ல வசதிதான். ஆனால், போகிக்கு முதல் நாள் பரணில் ஏறுவது மாதிரி, எப்போதாவது ஒருமுறை உட்கார்ந்து ‘இது எதுக்கு?’ என்று கேட்கவைத்த அந்தக் கட்டாயமும் கூடவே போய்விட்டது.

சில வருஷங்கள் கழித்து ஒரு கல்யாணத்தில் அந்த நண்பரைப் பார்த்தேன். பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“அப்படி ஒரு மெயில் அனுப்பினேனா? சுத்தமா ஞாபகமே இல்ல. அந்த புரமோஷன் மட்டும் ஞாபகம் இருக்கு” என்றார்.

உங்கள் ஃபைலில் யாருடைய மெயில் இருக்கிறது?