அடைபட்டோர்க்கு நாம் பட்ட கடன்

கொள்ளைநோய் பரவும் காலத்தில் நோயுற்றவனைப் போலவே நோயற்றவனும் தன் நடமாட்டத்தை இழக்கின்றான். காய்ச்சலே காணாத வீட்டின் கதவு சாத்தப்படுகின்றது. ஒருவர்கூட இருமாத தெருவிலும் கடைகள் மூடப்படுகின்றன. "நோயாளியைத் தடுத்து வைப்பது முறை, நலமாயிருப்பவனைத் தடுப்பது எந்த முறை?" என்னும் வினா அப்பொழுது இயல்பாகவே எழுகின்றது. இதனைத் தன்னலக்காரரின் முணுமுணுப்பென்று ஒதுக்கிவிடலாகாது. ஒரு மனிதனின் கால்களைக் கட்ட முனைகின்ற அதிகாரம், அதற்குரிய நியாயத்தை அவனிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கின்றது. அந்த நியாயம் யாது, அதனால் யார் யாருக்குக் கடன்படுகின்றனர் என்பதை நாம் இங்கே சிறிது ஆராய்வோம்.

2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் முதல் இந்தியா முழுவதும் ஒரேவிதமான ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. கொரோனா பரவிய மாநகருக்கும், அதன் நிழலே படியாத சிற்றூருக்கும் ஒரே சட்டம். மேலோட்டமாகப் பார்ப்போர்க்கு அது சமநீதியாகவே தோன்றியது. ஆனால் மாதச் சம்பளம் தவறாமல் வருகின்றவர்க்கு ஓய்வாக அமைந்த ஊரடங்கு, அன்றாடங்காய்ச்சிக்குப் பட்டினியாக அமைந்தது. யானைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் ஒரே பாரத்தை ஏற்றிவிட்டு, இரண்டையும் சமமாக நடத்தினோம் என்று சொல்ல முடியுமா?

இந்தக் குறையைச் சிறிது குறைக்கவே, தடையை அபாயத்தின் அளவுக்கேற்ப வகுக்கும் முறை பிறந்தது. அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில் மத்திய அரசு நாட்டின் 733 மாவட்டங்களை மூன்று நிறங்களாகப் பிரித்தது. 130 மாவட்டங்கள் சிவப்பு, 284 ஆரஞ்சு, 319 பச்சை. மே 4 முதல் பச்சை மண்டலத்தில் பாதி இருக்கைகளோடு பேருந்து ஓடலாம். சிவப்பு மண்டலத்தில் பேருந்தும் ஆட்டோவும் ஓடா, முடிதிருத்தும் கடையும் திறவாது. எந்த நிறமாயினும் 65 வயதைக் கடந்தோரும், 10 வயதுக்குட்பட்ட சிறாரும், கருவுற்ற பெண்டிரும், நாட்பட்ட நோயுடையோரும் இன்றியமையாத் தேவையும் மருத்துவமும் தவிர்த்து வீட்டிலேயே இருத்தல் வேண்டும். நிர்ப்பந்தம் எந்த அளவினதோ அந்த அளவிற்கே விதிவிலக்கும் நிற்க வேண்டுமென்பது நம் மார்க்கச் சட்ட அறிஞர்கள் நெடுங்காலமாகப் போற்றிவரும் நெறி. அபாயத்தை அளந்து அதற்கேற்பத் தடையையும் அளந்து இடுவது அந்நெறியோடு பொருந்துவதே.

எனினும் நிறம் பூசுவதில் ஒரு மயக்கமும் உண்டு. பச்சை என்றால் நோயில்லை என்று மக்கள் எண்ணினர். 21 நாட்களாக அங்கே நோய் கண்டறியப்படவில்லை என்பதே அதன் பொருள். கண்டறியப்படாதது வேறு, இல்லாதது வேறு. இந்நோயோ அறிகுறி தோன்றுமுன்னரே பிறரைப் பற்றிக்கொள்ளும் இயல்பினது. மேலும், நிறம் நிலத்துக்கு இடப்பட்டதேயன்றி மனிதனுக்கு இடப்பட்டதன்று. நிலம் நகராது, மனிதன் நகர்வான். சிவப்பு மண்டலமாகிய சென்னையில் கோயம்பேட்டுச் சந்தை நோய்க்களமாகி, மே 5ஆம் நாள் மூடப்பட்டது. அங்கே மூட்டை சுமந்த உழைப்பாளிகள் தத்தம் ஊர் திரும்பினர். கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டங்களில் நோய்த்தொகை திடீரென ஏறிற்று. அவர்களைப் பழித்துப் பேசியவர் பலர். சந்தை மூடினால் அவர்கள் எங்கே படுப்பர், எதை உண்பர் என்று கேட்டவர் சிலரே.

இவ்விடத்தில் நம் வரலாற்றின் ஓர் ஏடு நினைவுக்கு வருகின்றது. ஹிஜ்ரி 18ஆம் ஆண்டையொட்டி (கி.பி. 639) பாலஸ்தீனத்தின் அம்வாஸ் என்னும் ஊரில் தோன்றிய கொள்ளைநோய் ஷாம் நாட்டைச் சூறையாடிற்று. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாமுக்குப் புறப்பட்டுச் சர்ஃக் என்னுமிடம் வரை வந்தபொழுது இச்செய்தி எட்டியது. முஹாஜிர்களை அழைத்துக் கலந்தார்கள். அன்சாரிகளை அழைத்துக் கலந்தார்கள். குறைஷி முதியவர்களையும் கலந்தார்கள். பின்னர்த் திரும்பிவிட முடிவு செய்தார்கள். இறைவனின் விதியிலிருந்து ஓடுவதா என்று தளபதி அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். ஒரு விதியிலிருந்து இறைவனின் மற்றொரு விதிக்கே செல்கின்றோம் என்னும் கருத்தமைய உமர் (ரலி) அவர்கள் மறுமொழி பகர்ந்தார்கள். நோயுள்ள ஊருக்குள் நுழையாதீர், நீங்கள் இருக்கும் ஊரில் நோய் வந்தால் அதற்கஞ்சி வெளியேறாதீர் என்னும் நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் அப்பொழுது எடுத்துரைத்தார்கள்.

இந்த ஆணைக்கு இரு பாதிகள் உண்டு என்பதை நாம் ஊன்றி நோக்க வேண்டும். வெளியே இருப்பவன் உள்ளே போகாதிருத்தல் முதற் பாதி. அஃது எளிது, அவனுடைய உயிரச்சமே அதனைச் செய்வித்துவிடும். உள்ளே இருப்பவன் வெளியேறாதிருத்தல் இரண்டாம் பாதி. அதுவே அரிது. அவன் தன் உயிரச்சத்தை அடக்கிக்கொண்டு, முகமறியாத ஊரார் பிழைப்பதற்காக அபாயத்தின் நடுவே தங்கி நிற்கின்றான். அபூ உபைதா (ரலி) அவர்களை அங்கிருந்து மீட்க விரும்பி உமர் (ரலி) அவர்கள் மடல் விடுத்ததாகவும், தம் படைவீரரை விட்டு வர அவர்கள் இசையவில்லையெனவும் வரலாற்று நூல்கள் கூறும். அந்நோயிலேயே அவர்கள் மறைந்தார்கள். கதவு சாத்தப்பட்டதால் உயிர் பிழைத்தவர், கதவுக்குள் நின்றவர்க்குக் கடன்பட்டவர். தடையின் நியாயம் முழுவதும் இக்கடனை ஒப்புக்கொள்வதிலும் அடைப்பதிலுமே அடங்கியிருக்கின்றது என்பது நம் துணிபு.

கடனை ஒப்புக்கொள்வதற்கு முதலில் கடன்கொடுத்தவரைக் கண்ணால் காண வேண்டும். மண்டலக் கணக்கில் அவர்கள் எளிதில் மறைந்துவிடுவர். ஒரு மாவட்டத்தில் பத்துத் தெருக்களில் நோய் தணிந்து, இரண்டு சேரிகளில் மட்டும் கனன்று கொண்டிருந்தால், சராசரி இறங்கிவிடும், நிறம் மாறிவிடும், உணவகங்கள் திறந்துவிடும். அவ்வுணவகத்தில் பாத்திரம் கழுவ வருபவனோ அந்த இரண்டு சேரிகளில் ஒன்றிலிருந்து வருவான். சராசரி என்பது வசதியுள்ளோர்க்குக் கிடைத்த திரை.

இத்திரையை விலக்க முயன்ற ஓர் அரசும் உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2020 ஆகஸ்ட் இறுதியில் தன் 58 கவுண்டிகளையும் ஊதா, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என நான்கு படிகளில் நிறுத்தியது. பச்சைக்கு அங்கே இடமே தரப்படவில்லை. நாளொன்றுக்கு ஒரு லட்சம் பேருக்கு 7 புதிய நோயாளிகளுக்கு மேற்பட்டால் ஊதா. 1க்குக் கீழிறங்கினால் மஞ்சள். ஒரு படியில் குறைந்தது மூன்று வாரம் நின்ற பின்னரே அடுத்ததற்கு ஏறலாம். ஒரே தாவலில் இரு படி ஏறலாகாது. இவையெல்லாம் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டன. அவ்வாண்டு அக்டோபரில் மேலும் ஒரு விதி சேர்ந்தது. பெரிய கவுண்டிகளில், வறுமையும் நெருக்கடியும் மிகுந்த பகுதிகளின் நோய்விகிதம் பொது விகிதத்தைவிட மிகவும் பின்தங்கி நின்றால், அக்கவுண்டி மேற்படி ஏற முடியாது. ஏழையின் தெரு நலமடையும் வரை செல்வனின் தெருவும் காத்திருக்க வேண்டும்! 2021 மார்ச்சில் இன்னும் ஒரு படி சென்று, தடுப்பூசியில் 40 விழுக்காட்டை மிகப் பின்தங்கிய பகுதிகளுக்கென ஒதுக்கினர். அங்கே 20 லட்சம் ஊசிகள் போடப்பட்ட பின்னரே தளர்வின் அளவுகோலை மாநிலம் முழுதும் இளக்கினர். அத்திட்டம் 2021 ஜூன் 15ஆம் நாள் முடிவுற்றது. அதன் நிறைகுறைகளைப் பற்றி அறிஞர் பலவாறு பேசலாம். பிறன் துயரத்தைத் தன் விடுதலையோடு பிணைத்த அந்த ஒரு விதியின் அறம் மட்டும் நம் உள்ளத்தில் நிற்கின்றது.

அவ்வரசும் தவறாத அரசன்று. 2020 டிசம்பரில் தீவிர சிகிச்சைப் படுக்கைகளைக் கணக்கிட்டு வட்டார அளவில் மக்களை வீட்டிலிருக்கப் பணித்தபொழுது, எதிர்காலக் கணிப்பின் விவரங்களை அதிகாரிகள் வெளியிடத் தயங்கினர். மக்களுக்குக் குழப்பம் விளையும் என்றனர். அடைபட்டவனுக்குக் கணக்கைக் காட்டாதிருப்பது கடன்பட்டவன் பத்திரத்தை ஒளிப்பது போன்றது. காரணத்தை மறைக்கும் அதிகாரத்தின் நல்ல ஆணையையும் மக்கள் ஐயத்தோடுதான் நோக்குவர்.

வழிபாட்டைப் பற்றியும் ஒரு சொல். இந்தியாவில் அந்த மே மாதத்தில் மூன்று நிறங்களிலும் வழிபாட்டிடங்கள் மூடியே இருந்தன. பேருந்து ஓடும் ஊரில் பள்ளிவாசல் மூடியிருப்பானேன் என்று மனம் வருந்தியவர் பலர். வருத்தம் இயற்கையானது. அடைமழையில் வீட்டிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று பாங்கில் அறிவிக்கச் செய்த முன்மாதிரி நமக்கு உண்டாதலின், ஜமாஅத்தைச் சின்னாள் நிறுத்திவைத்தது மார்க்கத்துக்கு இழுக்கன்று. அதே வேளையில், ஒப்பானவற்றை ஒப்பாகவே நடத்த வேண்டுமெனக் கேட்பதும் உரிமையே. 2021 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஊதாப் படியில் உள்ளரங்க வழிபாட்டை முற்றிலும் தடுக்கலாகாது என்றது. கொள்ளளவில் 25 விழுக்காடு என்னும் வரம்பையும், கூடிப் பாடுவதற்கான தடையையும் நிற்கவிட்டது. எத்தனை பேர், எவ்வளவு நேரம், காற்றோட்டம் எத்தகையது, குரல் எழும்புமா என்பவற்றை அளந்து இடும் தடை வணிகனுக்கும் பக்தனுக்கும் பொதுவானது. அவ்வாறு அளக்காமல் இடும் தடை எவர் மீதாயினும் அநீதியே.

கடனை அடைப்பது எவ்வாறு? உணவு, கூலி, மருந்து, ஊசி ஆகிய நான்கும் முதலில் சிவப்பு மண்டலத்துக்குச் செல்ல வேண்டும். ஐந்தாவது, மானம். நோய்வீட்டின் வாயிலில் அறிவிப்பு ஒட்டி, தகரம் வைத்து அடைத்து, அவ்வீட்டாரைக் குற்றவாளிகளைப் போல் ஆக்கிய காட்சிகளை நம் நாடு கண்டது. பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி தகுதியுடைய அதிகாரி ஆணையிட்டாலன்றி அத்தகைய அறிவிப்பு ஒட்டலாகாதென 2020 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் கூறவேண்டியதாயிற்று. நமக்காக அடைபட்டிருப்பவனைப் பார்த்து நாமே முகஞ்சுளிப்பது, கடன் கொடுத்தவனைத் திருடனென்று கூவுவதை ஒக்கும்.

2023 மே 5ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் அந்நெருக்கடிநிலை முடிந்ததென அறிவித்தது. வரைபடங்களிலிருந்து நிறங்கள் அழிந்துவிட்டன. ஆனால் கொள்ளைநோய்கள் மனித குலத்தை அடியோடு விட்டுச் சென்றதாக வரலாறு இல்லை. அடுத்தது வரும்போது அரசு நிறம் பூசட்டும். அது அரசின் வேலை. அந்த நிறத்துக்குள் அடைபடப் போகின்றவர் யார் என்பதை அறிந்து வைத்திருப்பது நம் வேலை. நம் மஹல்லாவில் அன்றாடக் கூலியை நம்பி வாழும் குடும்பங்கள் எத்தனை, தனித்திருக்கும் முதியோர் எவர், ஒரே அறையில் எட்டுப்பேர் உறங்கும் வீடு எது என்பவை நம் ஜமாஅத்தின் ஏட்டில் எழுதப்பட்டிருக்கின்றனவா? இல்லையெனில், நோயற்ற இந்நாட்களிலேயே அவ்வேட்டை எழுதத் தொடங்குவோமாக.