விரிசலில் இறங்கிய கங்கை

மாமல்லபுரத்துப் பெரிய சிற்பப் பாறைக்கு முன்னால் போய் நிற்பவர்கள் முதலில் அதிலுள்ள யானைகளில்தான் மயங்குவார்கள். என் கண் போய் நிற்பது, நடுவே மேலிருந்து கீழாக ஓடும் பிளவில். அதை எந்தச் சிற்பியும் வெட்டவில்லை, பாறையோடு பிறந்தது. சிலைக்குக் கல் தேடும் ஸ்தபதி கல்லைத் தட்டி ஓசை கேட்பார். உள்ளே விரிசல் இருப்பது தெரிந்தால் ஒதுக்கிவிடுவார். அந்தக் கணக்கில், 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் எதிரே நின்றது கழித்துக்கட்ட வேண்டிய பாறை.

அவர்கள் அந்தப் பிளவை ஆறாக்கினார்கள். நாகர்கள் கைகூப்பியபடி அதனுள் எழுந்து வருகிறார்கள். பாறையின் உச்சியில் நீர் தேக்கிய தொட்டிக்கான தடயமும் உண்டு. திறந்துவிட்டால் உண்மையிலேயே தண்ணீர் இறங்கியிருக்கும். இந்தச் சிற்பம் அர்ச்சுனன் தவமா, கங்கையை இறக்கிய பகீரதன் தவமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. எதுவாகவும் இருக்கட்டும். தேவர், முனிவர், விலங்கு என்று ஏறக்குறைய எல்லா உருவங்களும் அந்தப் பிளவை நோக்கித்தான் திரண்டு வருகின்றன. பாறை பழுதில்லாமல் இருந்திருந்தால் இந்தக் கற்பனை பிறந்தே இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு, தவறினாலும் அது கலைதான் என்று மெத்தனமாகச் சொல்லிவிட முடியாது. கல்லில் உளி பெயர்த்ததைத் திரும்ப ஒட்டவைக்க வழியில்லை. அது தெரிந்துதான் அந்த ஊரின் ஒற்றைக்கல் ரதங்களை உச்சியிலிருந்து செதுக்கத் தொடங்கிக் கீழே இறங்கி வந்திருக்கிறார்கள். முடிவடையாத குடைவரைகளின் சுவரைப் பாருங்கள்: கட்டம் கட்டமாகக் கோடிட்டு, ஒவ்வொரு கட்டமாகப் பெயர்த்தெடுத்த தடம் அப்படியே இருக்கிறது. அவ்வளவு கட்டுப்பாட்டில் பழகிய கைக்குத்தான், கட்டுக்கு அடங்காத ஒரு பிளவு எதிர்ப்பட்டபோது என்ன செய்வதென்று தெரிந்தது. பழகாத கையில் விரிசல் விரிசலாகவே இருந்திருக்கும்.

தாள் கல்லைப் போலில்லை, அதில் அழிக்க முடியும். ஆனாலும் படம் வரையும் பிள்ளைகள் ஒரு கோடு கோணினால் தாள் கிழியும் வரை ரப்பரால் தேய்ப்பதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. எழுதுகிறவர்களும் முதல் வரியை அழித்து அழித்தே சோர்ந்துபோகிறார்கள். படம் முடியும் வரையாவது அந்தக் கோடு இருந்துவிட்டுப் போகட்டுமே. அது குதிரையின் கழுத்தாகலாம், மலைச்சரிவாகலாம். அழித்தபின் அதைப் பார்க்க வழியில்லை.

அதே ஊரில், தெற்கே சற்றுத் தள்ளி, இதே காட்சியைச் செதுக்கத் தொடங்கிப் பாதியில் விட்ட இன்னொரு பாறை இருக்கிறது. கூட்டம் அந்தப் பக்கம் அவ்வளவாகப் போவதில்லை. அடுத்த முறை மாமல்லபுரம் போனால், கடற்கரைக் கோயிலுக்குத் திரும்பும் முன் பிள்ளைகளை அங்கேயும் கூட்டிப்போங்கள். அரைகுறை உருவங்களின் மேல் உளி பட்ட தழும்புகளை அவர்கள் நின்று பார்க்க வேண்டும்.