ஓய்வுக்கு முந்தைய கணக்கு

திருப்பத்தூர் மாவட்டத்தின் ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் உள்ள தோல் பதனிடும் ஆலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் அலுவலக எழுத்தராகவோ தையல் தொழிலாளியாகவோ உழைத்து ஐம்பதைக் கடந்தவர், தம் வேலைநேரத்தைக் குறைத்துக்கொள்ள விரும்புவது இயல்பே. எனினும், அதை எந்த வயதில் செய்கிறார் என்பதைப் பொறுத்தே அவரது முதுமைக்கால வருவாய் அமைகிறது. நேரத்தோடு ஊதியமும் குறையுமானால், நீண்டகாலப் பணிக்கு நிறுவனம் அளிக்கும் மொத்தத் தொகையாகிய பணிக்கொடை, கடைசி ஊதியத்தைக் கொண்டே ஆண்டுக்குப் பதினைந்து நாள் வீதம் கணக்கிடப்படுவதால், முழுப் பணிக்காலத்துக்கும் சுருங்கிவிடுகிறது. 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டமோ, கடைசி 60 மாத ஊதியத்தின் சராசரியை, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, அடிப்படையாகக் கொள்கிறது. குறைந்தது 10 ஆண்டு பணிபுரிந்தவர் 58 வயதில் ஓய்வூதியம் பெற்றுக்கொண்டே வேலையைத் தொடரவும் அது இடமளிக்கிறது. ஆகவே, இயன்றவரை முழு ஊதியத்தோடு 58ஐ எட்டி, பணிக்கொடையைப் பெற்று, ஓய்வூதியத்தைத் தொடங்கிய பிறகு குறைந்த நேரப் பணியை ஏற்பதே பலருக்கும் பாதுகாப்பான வரிசையாகும். தோலின் நெடியிலும் இயந்திர இரைச்சலிலும் வாழ்நாளைச் செலவிட்டவர்களுக்கு இவ்விவரங்களை ஐம்பது வயதிலேயே எடுத்துரைப்பது, நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் தவறாது ஆற்றவேண்டிய கடமையாகும்.