ஒரே கதை போதுமா?

சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில், நகரை விட்டுச் சற்றுக் கிழக்கே இருக்கிறது அயோத்தியாப்பட்டணம். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அதன் பெயர் எனக்கு ஓர் அதிசயமாகவே தோன்றும். சரயு நதி எங்கே, சேலம் எங்கே! இலங்கையிலிருந்து திரும்பிய இராமபிரானுக்குப் பட்டாபிஷேக முகூர்த்தம் வழியிலேயே வந்துவிட்டதாம். அதனால் இங்கேயே முடிசூட்டிக்கொண்டாராம். கோதண்டராமர் கோயிலைக் காட்டி ஊரார் சொல்லும் கதை இது. வடக்கே உள்ள ஒரு நகரத்தைத் தங்கள் ஊருக்குள் குடியேற்றிக்கொள்ள அந்த மக்களுக்கு எந்தப் பேரரசனின் கட்டளையும் தேவைப்படவில்லை.

“பாரத தேசம் என்றைக்குமே ஒன்றுதான்!” என்று இதைக் காட்டிப் பெருமைப்படலாம். பெருமை நியாயந்தான். ஆனால், ஒரே கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் ஒருவரையொருவர் தாக்காமல் இருந்தார்களா என்று சரித்திரம் நம்மைத் திருப்பிக் கேட்கிறது. மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1791-இல், மராட்டியப் படையைச் சேர்ந்தவர்கள் சிருங்கேரி மடத்தையே சூறையாடினார்கள். மடத்தைச் சீராக்கப் பொருள் அனுப்பியவர் திப்பு சுல்தான். அடுத்த ஆண்டு, ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, சேலம் சீமை திப்புவின் கையிலிருந்து கம்பெனியாரின் கைக்கு மாறியது. சீமையில் குடியிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஐரோப்பாவைப் பாருங்கள். பிரான்சிலும் ஜெர்மனியிலும் கோயில் மணி அடித்தது ஒரே கிறிஸ்துவுக்குத்தான். ஜெர்மானியர் இயற்றிய சங்கீதத்தைப் பிரெஞ்சுக்காரர் கண்மூடி ரசித்தார்கள். ஆயினும் 1870-இலும், 1914-இலும், 1939-இலும் இரு நாடுகளும் போரில் இறங்கின. எழுபது ஆண்டுகளுக்குள் மூன்று யுத்தங்கள்! பண்பாடு மனங்களை இணைக்கும். ஓங்கிய கையைப் பிடித்து நிறுத்த அதனால் முடிவதில்லை. அதற்கு இருவரும் ஒப்புக்கொண்ட ஒரு சட்டம் வேண்டும்.

1950 மே 9-ஆம் தேதி பிரெஞ்சு வெளியுறவு மந்திரி ராபர்ட் ஷூமான் ஒரு யோசனை சொன்னார். இரு நாடுகளின் நிலக்கரியும் எஃகும் ஒரு பொது அதிகாரத்தின் கீழ் வரட்டும் என்றார். எஃகு பொதுவாகிவிட்டால், அண்டை வீட்டுக்காரன் அறியாமல் பீரங்கி வார்ப்பது எப்படி? 1951-இல் ஆறு நாடுகள் கையெழுத்திட்டன. இன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 நாடுகள் இருக்கின்றன. ஓர் உறுப்பு நாடு பொதுச் சட்டத்தை மீறினால், லக்சம்பர்க்கில் உள்ள நீதிமன்றம் அதை விசாரிக்கும்.

“தன் மேல் இன்னோர் அதிகாரத்தை ஏற்றுக்கொள்ளும் நாடு தன்மானம் உள்ள நாடா?” என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். சேலம் ஜில்லாக்காரருக்கு இதற்குப் பதில் தேட வெகுதூரம் போக வேண்டாம். மேட்டூர் அணைக்குப் போனால் போதும்.

காவிரித் தகராறு இன்று நேற்று வந்ததல்ல. சென்னையும் மைசூரும் 1892-இலும் 1924-இலும் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1990-இல் நடுவர் மன்றம் அமைந்தது. அதன் இடைக்கால உத்தரவுக்குப் பிறகு, 1991-இல், கர்நாடகத்தில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். அந்தக் கொடுமையை மறைக்க வேண்டியதில்லை. 2007-இல் இறுதித் தீர்ப்பு வந்தது. 2018-இல் சுப்ரீம் கோர்ட் தன் தீர்ப்பைச் சொன்னது. இரு மாநிலத்தாருக்கும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் எந்த முதலமைச்சரும் ஆற்றுக்காகப் படை திரட்டவில்லை, திரட்டவும் முடியாது. இரு தரப்பாரும் வக்கீல்களைத்தான் அனுப்பினார்கள். இதனால் தமிழனின் மானமோ கன்னடனின் மானமோ குறைந்துவிட்டதா? வயலுக்குத் தண்ணீர் வேண்டிய விவசாயி, மகனைப் போர்க்களத்துக்கு அனுப்பாமல் வழக்காடுகிறானே, அதுவல்லவா சுதந்திரம்!

ஒன்றாக இருப்பது வேறு, ஒரேமாதிரி ஆவது வேறு. இதை நமக்கு 1965-ஆம் ஆண்டின் மொழிப் போராட்டம் கற்றுக் கொடுத்தது. பிறர் மொழியைத் திணித்து வளர்க்கும் ஒற்றுமை, கசப்பைத்தான் வளர்க்கும். ஐரோப்பிய ஒன்றியம் 24 மொழிகளை ஆட்சிமொழிகளாக ஏற்றிருக்கிறது. பிரிட்டன் 2016-இல் வாக்கெடுத்து 2020-இல் வெளியேறியபோது ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. போகிறவனைப் போகவிடும் கூட்டில் இருப்பவன், அடிமையாக இருக்கவில்லை.

ஆனால் ஐரோப்பாவில் வீடு பாதிதான் கட்டியாகியிருக்கிறது. வெளியுறவிலும் வரி விஷயத்திலும் பெரும்பாலும் 27 நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். ஒருவர் முரண்டு பிடித்தால் மற்றவர்கள் கைகட்டி நிற்க வேண்டியதுதான். சுவர் எழுப்பியவர்கள் கூரையும் வேய்ந்துவிடுவதே நல்லது என்பது என் எண்ணம்.

நல்லவர்களுக்குள் சட்டம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நல்லவர்களுக்கும் கோபம் வரும் நாள் ஒன்று உண்டு. அந்த நாளில் அவர்களுடைய கதைகளும் பாட்டுகளும் காதில் விழுவதில்லை. அந்த ஒரு நாளுக்காகத்தான், மனம் அமைதியாக இருக்கும்போதே, சட்டத்தை எழுதி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.