எந்தப் பிரதி மூலம்?

ஓதுபவர்கள் மாறிக்கொண்டே இருக்க, ஓதப்படுவது மட்டும் அதேதானா என்பது வேதத்தை வைத்து இந்தியத் தத்துவ மரபுகள் நெடுங்காலம் வாதிட்ட கேள்வி. வேதம் ஓதியவர்களைக் கணக்கெடுத்த ஓர் ஊரிலிருந்து தொடங்கலாம். கேரளத்தின் பாறசாலைக்குத் தெற்கே, எல்லைக்கு இப்பால் தமிழ்நாட்டில் முன்சிறை அருகே இருக்கிறது பார்த்திவபுரம். கி.பி. 866இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் இங்கே விஷ்ணு கோயிலோடு, காந்தளூர்ச் சாலை என்ற கல்விக்கூடத்தை மாதிரியாகக் கொண்டு ஒரு சாலையும் அமைத்தான். ரிக்வேதச் சாகையினர் 45, தைத்திரீயர் 36, தலவகாரர் 14 என 95 சட்டர்களை, அதாவது மாணவர்களை, அவனுடைய செப்பேடு கணக்கிடுகிறது. அதன் அக்கறை நூலைச் சேமிப்பது அல்ல. ஆனால் அந்தக் கணக்கு ஒரு சேமிப்பு ஏற்பாட்டையும் காட்டிவிடுகிறது.

ஒரே பாடம் பலர் நினைவில் இருந்ததால் ஒருவர் இறந்தாலும் நூல் அழியாது. ஒருவர் பிசகாக ஓதினால்தான் சிக்கல். அதற்கு வந்தது கனபாடம்: முதற்சொல் இரண்டாம் சொல், இரண்டு ஒன்று, ஒன்று இரண்டு மூன்று, மூன்று இரண்டு ஒன்று, மீண்டும் ஒன்று இரண்டு மூன்று. இப்படி முன்னும் பின்னுமாக ஓதும்போது பிசகிய அசை தானே அகப்பட்டுக்கொள்ளும்.

இதே ஏற்பாட்டை இன்று கணினியிலும் காணலாம். நிறுவனங்கள் சொந்தமாக நடத்தும் தனியார் கிளவுடில் பயன்படும் செஃப் (Ceph) என்னும் சேமிப்பு மென்பொருள், பிரதி முறையில், ஒவ்வொரு தரவுக்கும் வழக்கமாக மூன்று பிரதிகளை வெவ்வேறு டிஸ்க்குகளில் வைக்கிறது. ஒரு டிஸ்க் போனால் மற்றவற்றிலிருந்து புதுப்பிரதி எடுத்துக்கொள்ளும். அவ்வப்போது பிரதிகளை ஒப்பிட்டும் பார்க்கும். நெட்வொர்க் இரண்டாகப் பிளந்தால், அமைப்பின் நிலையைக் கண்காணிக்கும் மானிட்டர்களில் பெரும்பான்மை உள்ள பக்கமே இயங்கும். மறுபக்கம், தரவு கையில் இருந்தும், பதில் சொல்லாது. எப்போதும் கிடைப்பதற்காகவே கட்டிய அமைப்பு, இரண்டு விதமாகப் பேசுவதைவிட வாய்மூடி இருப்பதே மேல் என்று முடிவெடுக்கும் இடம் இது.

ஓதப்படுவது அதேதானா என்ற முதல் கேள்விக்கு இரண்டு தத்துவ மரபுகள் இரண்டு விடை சொல்கின்றன. சொல் நித்தியம், ஓதுதல் அதை வெளிப்படுத்துவது மட்டுமே என்கிறது மீமாம்சை. ஒலி பிறந்து அழிவது, நேற்றுக் கேட்டதும் இன்று கேட்பதும் ஒரே இனம், ஒன்றே அல்ல என்கிறது நியாயம். கோப்பைத் திறப்பவருக்கு மீமாம்சை போதும். டிஸ்க்கைப் பராமரிப்பவர் நியாயத்தை நம்பாமல் வேலை செய்ய முடியாது. எல்லாப் பிரதிகளும் போய்விட்டால் நித்தியமான சொல்லும் யாருக்கும் எட்டாது. பதஞ்சலியின் இலக்கண நூலான மகாபாஷ்யம் சாமவேதத்துக்கு ஆயிரம் வழிகள், அதாவது சாகைகள், சொல்கிறது. இன்று ஓதப்படுபவை கௌதுமம், ராணாயனீயம், ஜைமினீயம் ஆகிய மூன்றே. பார்த்திவபுரத்தில் 14 பேருக்கு இடம் ஒதுக்கப்பட்ட தலவகாரம் இந்த ஜைமினீயம்தான். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அதை இன்று ஓதுபவர்கள் மிகச் சிலரே.